காப்பர்-டி அறை

பூங்கோதை உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காப்பர்-டி போட அவ்வளவு நேரம் ஆகாது என்பது சுகாதார நிலையத்துப் பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன பெரியவரே, மருமகளக் காணோம்?" என்றாள் பக்கத்தில் இருந்த ராக்கு.

"செம்பு தீந்துபோச்சாம். பாம்பன் பாலத்துக் கரண்டுக் கம்பியில கொஞ்சம் கழட்டிட்டு வர ஆள் போயிருக்கு."

பெஞ்சே சிரித்தது. நான் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

முன்பெல்லாம் எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தனி அறை, தனி வாசல். அங்கே கால் வைத்தவள் வீடு திரும்புமுன் சேதி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது குடும்பக் கட்டுப்பாடும் அதுவும் ஒரே அறை, ஒரே நர்ஸம்மா. எதற்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பித்தான் கூட்டிவந்தேன்.

என் மகன் நாகேந்திரன் லாரி ஓட்டுகிறவன். போன மாதம் அவன் இருக்கைக்கு அடியில் ஒரு மாத்திரை டப்பா கிடந்தது. "சத்து மாத்திரைய்யா" என்றான். சத்து மாத்திரைக்கு எவன் லேபிளைக் கிழிப்பான்? எனக்கேவா பொய்? ஒன்றை எடுத்துப்போய் மருந்துக்கடையில் காட்டினேன். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது? "மூணாவது பெத்தா ரேசன் கார்டுல மூத்த ஆளு பேர அடிச்சிருவாங்களாம்த்தா. என் அரிசி போயிரும்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே பஸ் ஏறினாள்.

கதவு திறந்தது. விரல் நுனியில் பஞ்சை அழுத்தியபடி வந்து, ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். அடுத்து ராக்கு உள்ளே போனாள்.

"ரத்தம் எடுக்கவான்னு கேட்டாக, மாமா. சரின்னேன். அரை மணி நேரத்துல சொல்லிருவாகளாம். காப்பர்-டி அதுக்கப்புறந்தானாம்."

"ம்."

"இங்கன இதுவும் பாப்பாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய்க்கு நான் என்றைக்கும் பஞ்சப்பட்டதில்லை. அன்றைக்கு ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. 

"அவருக்கா?"

தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சின்னவன் இன்னும் பால் குடிக்கிறான், மாமா."

ராக்கு வெளியே வந்து, இன்னும் இரண்டு பேர் போய்வந்த பிறகு நர்ஸம்மா கூப்பிட்டாள், "பூங்கோதை!"

எழுந்தாள். என் தோள்துண்டின் நுனியை எட்டிப் பிடித்தாள். துண்டு உருவிக்கொண்டு அவளோடு போயிற்று. கதவைச் சாத்தியபோது துண்டின் ஒரு முனை வெளியே சிக்கிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து மெல்ல, விரல்கடை விரல்கடையாக, அவள் அதை இழுத்துக்கொண்டாள்.