தவறணைக்குப் போகிறவன்

கமலாம்பிகைக்குத் தன் மூக்கின் மேல் அசாத்திய நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் இருந்தவரை எந்த மீன்காரனும் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவளிடம் தள்ளிவிட முடிந்ததில்லை. கணவர் குமாரசிங்கத்துக்குப் பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு வேலை மாற்றம் கிடைத்து நாலு வருடத்துக்கு முன்பு இங்கே வந்தபோது, சட்டி பானையோடு அந்த மூக்கையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

கீழ்வீதியில் அவள் ஒரு கடை போட்டிருந்தாள். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டிய கடை. பனையோலைப் பெட்டி, மரத்தில் செதுக்கிய பறவை, மலைப்பாலத்தில் ரயில் போகும் ஓவியம், பிறந்தநாளுக்குக் கொடுக்கிற சின்னச் சின்னப் பரிசுகள் எல்லாம் இருந்தன. இருந்தன என்றுதான் சொல்லலாம், விற்றன என்று சொல்ல முடியாது. விற்றது ஒன்றே ஒன்று, துஷாந்த் செய்த தோடு. சுண்டுவிரல் நகமளவு உண்மையான தேயிலை, அதன் மேல் கண்ணாடி போல உறைந்த ரெசின், சுற்றிலும் மயிரிழை வெள்ளிக்கம்பி. எல்ல மலைக்குச் சுற்றுலா போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் வழியில் இறங்கி அதை வாங்கிக் காதில் போட்டுக்கொண்டு போனார்கள். துஷாந்த் இல்லாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும்.

துஷாந்துக்கு முப்பத்திரண்டு வயது. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவான். கடைக்குப் பின்னால் இருக்கிற மேசையில் குனிந்தால் நிமிர மாட்டான். காய்ந்து பதமான இலைகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டுவருவான். அவை எங்கிருந்து வருகின்றன என்று கமலாம்பிகை ஒருநாளும் கேட்டதில்லை. மலை முழுக்கத் தேயிலை, இதில் கேட்க என்ன இருக்கிறது!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் வரப் பிந்தியது. போன் எடுத்தாள். எட்டு மணி.

"தவறணையிலதாம்மா இருக்கேன். ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்" என்றான் அவன், ஏதோ கோயிலில் இருக்கிறவன் மாதிரி.

கமலாம்பிகை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். தவறணை என்றால் அவள் ஊரில் கள்ளு விற்கிற இடம். அவள் பிறந்து வளர்ந்த ஒழுங்கை முடிவில் ஒன்று இருந்தது. பொம்பிளைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, காலமை எட்டு மணிக்குத் தவறணையில நிக்கிறானாம்."

அவனையே கேட்டுப் பாரும் என்று சொல்லிவிட்டு அந்த மனுசன் சோற்றைப் பிசைந்தார். கேட்பதா? கேட்டால் கள்ளன் உசாராகிவிடுவானே! கமலாம்பிகை கேட்கவில்லை. கவனித்தாள். ஒரு ஆளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால் அவன் மூச்சு விடுவதே குற்றமாகத்தானே தெரியும். அவன் கண் சிவந்திருந்தது. ரெசின் ஆவி பட்டால் யாருக்கும் சிவக்கும், அவளுக்கே சிவக்கும், ஆனால் அது நினைவுக்கு வரவில்லை. அவன் மேசையில் ஸ்பிரிட் மணத்தது. கம்பி துடைக்க அதை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் பிந்தினான். அந்த இரண்டு நாளும் அவன் காற்சட்டை முழங்காலில் ஈரமண் ஒட்டியிருந்தது. எங்கேயோ விழுந்து எழும்பித்தான் வருகிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அவன் வெளியே போன நேரம் பார்த்து அவனுடைய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மோந்தும் பார்த்தாள். தண்ணீர்தான். கெட்டிக்காரன், குடித்துவிட்டுத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் வெட்கக்கேடு!

இப்படி இருக்கும்போதுதான் அவன் அவளிடம் ஒன்று கேட்டு வந்தான். பண்டாரவளையில் பெரிய பரிசுக்கடை வைத்திருக்கிற உம்மு குல்தூம், வருடத்துக்கு ஒரு கைவினைக்காரரைத் தெரிவு செய்து கொழும்பில் தன் தம்பியின் வெள்ளிப் பட்டறைக்கு அனுப்புவாள். ஆறு மாதம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. துஷாந்துக்குக் கம்பி சுற்றத்தான் தெரியும். வெள்ளி உருக்கவும் கல் பதிக்கவும் படித்துவிட்டால் திரும்பி வந்து சொந்தமாக ஒரு பட்டறை போடலாம், மனைவி ஆர்த்திகாவைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று அவன் ஒரே மூச்சில் சொன்னான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்மா. குல்தூம் அக்கா உங்ககிட்டதான் விசாரிப்பாங்களாம்."

பாப்பம் என்றாள் கமலாம்பிகை.

புதன்கிழமை உம்மு குல்தூம் போன் எடுத்தாள். வேலை எப்படி, ஆள் எப்படி என்று கேட்டாள். கமலாம்பிகை பொய் சொல்கிறவள் இல்லை. தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள்.

"கைவேலை திறம்தான், பிள்ளை. ஆனா காலமையிலேயே தவறணையில நிக்கிற ஆள். பொறுப்பெடுக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

உம்மு குல்தூம் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சொன்ன பிறகுதான் மனசு அரித்தது. அவன் கொழும்புக்குப் போனால் கடை படுத்துவிடும் என்பதற்காகத்தான் சொன்னேனா என்று ஒரு கேள்வி உள்ளே எழும்பி நின்று உட்கார மறுத்தது. சீ, அப்படி இல்லை, கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டால் சரி என்று, வெள்ளிக்கிழமை விடியவே குடையை எடுத்துக்கொண்டு பசறைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நமுனுகுல பஸ்ஸில் தொங்கிப் போய் இறங்கினாள்.

சந்தியில் சின்னக் கடை வைத்திருந்த அழகர் என்பவரிடம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இங்கே தவறணை எங்கே என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் மேலே கையைக் காட்டினார். தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளேயாம், இந்த நேரம் பொம்பளைங்க நிறையப் பேர் இருப்பாங்களாம். பொம்பிளைகளுமா! கமலாம்பிகை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினாள்.

மேலே பச்சை வலைப் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குக் கீழே கறுப்புப் பொலித்தீன் பைகள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றிலும் சாணளவு தேயிலைக் கன்று. பெண்கள் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க நின்று, தவறணை இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒருத்தியிடம் கேட்டாள்.

"இதாங்க தவறணை" என்றாள் அவள். "கன்னு வளக்குற எடம். யாரப் பாக்கணும்?"

யாரைப் பார்க்க வேண்டுமோ அவன் பத்தடி தள்ளி ஈரமண்ணில் முழங்கால் போட்டு இருந்தான். கையில் இடுக்கி. சரியாக வளராததால் ஒதுக்கி வைத்த கன்றுகளிலிருந்து இலையை நோகாமல் கிள்ளி ஒரு கொப்பித்தாளுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். கமலாம்பிகையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைப் பார்த்ததற்குப் பதில் அவள் அந்த மலையிலிருந்தே உருண்டு போயிருக்கலாம்.

மலையில் நிற்கிற செடியின் இலை காதுக்குப் பெரிது, தவறணைக் கன்றில் முதலில் விடுகிற இலைதான் தோட்டுக்கு அளவு என்று அவன் விளக்கினான். கழித்த கன்றில் எடுத்துக்கொள்ள இங்குள்ள ஐயா செவ்வாயும் வெள்ளியும்தான் விடுவாராம். சொல்லிவிட்டு மண்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"கொழும்பு விசயம் சொல்லத்தானேம்மா வந்தீங்க? சரியாயிருச்சா?"

அவள் பந்தலுக்கு வெளியே போய் உம்மு குல்தூமுக்குப் போன் எடுத்தாள். தான் சொன்னது பிழை, ஒரு சொல்லை மாறி விளங்கிவிட்டேன் என்று கெஞ்சினாள். நேற்றே றினாஸ் என்கிற பையனைத் தெரிவு செய்து இன்றைக்குக் காலை ரயிலில் அனுப்பியாயிற்று, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றாள் அவள்.

திரும்பியபோது துஷாந்த் பின்னால் நின்றிருந்தான். கமலாம்பிகை சொல்லத் தொடங்கினாள். தவறணை என்றால் தன் ஊரில் என்ன என்று சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளுக்கடையா என்று வாய்விட்டே சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் குல்தூமிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவனுக்கு விளங்கியது. சிரிப்பு நின்றது. அவள் கும்பிடப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அதற்குள் அங்கே வேலையில் நின்ற அவன் மனைவி ஆர்த்திகா பூவாளியை வைத்துவிட்டு ஓடிவந்து, அம்மா எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"எடம் வேற ஆளுக்குப் போயிருச்சாம். அதச் சொல்லத்தான் வந்துருக்காங்க" என்றான் துஷாந்த்.

ஆர்த்திகாவின் முகம் வாடியது. ஆனாலும் இந்தச் செய்திக்காகப் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தீர்களா, உங்களை மாதிரி யார் இருப்பார்கள் என்று கமலாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கமலாம்பிகை அதைக் குடித்தாள். குடிக்காமல் எப்படி வருவது?

பஸ் நிற்கிற இடம்வரை துஷாந்த் கூட வந்தான். இனிக் கடைக்கு வரமாட்டேன் என்றான், கோபமில்லாமல். அவள் தலையாட்டினாள். பஸ் வளைவில் தெரிந்ததும் அவன் கிட்டே வந்து நின்றான்.

"ஆர்த்திகாகிட்ட மட்டும் இத எப்பவும் சொல்லிறாதீங்கம்மா. அவ அப்பா குடிச்சே செத்தவரு. நா குடிக்க மாட்டேன்னு நம்பித்தான் என்னையக் கட்டுனா. பொய்யின்னு தெரிஞ்சாலும் காதுல விழுந்துருச்சுன்னா, நா வீட்டுக்குப் பிந்தி வர்ற ஒவ்வொரு நாளும் அவ என்னைய மோந்து பாப்பா."