கம்பெனிக்காகப் போட்ட நாற்பது நாற்காலிகள்

என் சன்னலுக்கு நேர் கீழேதான் எங்கள் தெருவின் துக்க மண்டபம். நானாக எட்டிப் பார்ப்பதில்லை. சன்னல் அங்கே இருக்கிறது, நான் என்ன செய்ய?

மூன்றாம் மாடி ஸுஹைரின் தகப்பனார் இறந்து, துக்கம் கேட்க அன்று மூன்றாவது நாள், கடைசி நாள். மழை விட்ட மாலை. அம்மான் நகரின் சரிவுகளில் ஏறி வந்த பனிமூட்டம் மண்டபத்துக்குள்ளும் நுழைந்து, ஏலக்காய் வாசனையோடு மிதந்தது. அதற்குள் நாற்பது காலி நாற்காலிகள், ஏரியில் கட்டிப்போட்ட படகுகள் போல லேசாக ஆடுவதாகக்கூடத் தோன்றியது.

அந்த நாற்பதும் அவனுடைய மென்பொருள் கம்பெனிக்காரர்களுக்காக. பத்தொன்பது வருஷ வேலை. முன்பெல்லாம் அங்கே யார் வீட்டில் சாவு என்றாலும், நாலு மணிக்குக் கணினிகளை அணைத்துவிட்டு இரண்டு பஸ்ஸில் மொத்தமாக வந்து இறங்குவார்கள். ஆள் திரட்டுகிறவனே ஸுஹைர்தான். புது முதலாளிகள் வந்தபின் எல்லாம் செயலி வழியாக. இவனுக்கும் வந்தது: "உங்கள் துயரம் பதிவு செய்யப்பட்டது." கூடவே ஒரு பூப்படம்.

"நாற்காலிய அடுக்கிரலாமா, அபூ யாஸின்?" என்று ஸுஹைரைக் கேட்டான் காப்பி ஊற்றுகிறவன்.

வாசலிலேயே நின்றிருந்த ஸுஹைர், "இன்னும் அரைமணி பார்ப்போம்ப்பா. டிராஃபிக்கா இருக்கும்" என்றான்.

"மூணு நாளாவா டிராஃபிக்?" மேலிருந்து கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"உம்மு ரபீ, சன்னல சாத்துங்க. உங்களுக்குக் குளிரப்போகுது."

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு கார் வந்தது. இறங்கியது ஒரே ஆள். புது மேலாளர் கைஸ், கனடாவில் வளர்ந்த பிள்ளை. கைகொடுத்தான். கைபேசியை உயர்த்தி இருவரையும் படமெடுத்தான்.

"நம்ம கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்துல போடணும், உஸ்தாத். நாமெல்லாம் ஒரே குடும்பம்ல!"

கசப்புக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையைத் திருப்பித் தரும்போது, கல்யாண வீட்டில் சொல்வதை வாய்நிறையச் சொன்னான்: "தாயிமே! என்னைக்கும் இப்படியே தொடரட்டும்!"

சாவு வீட்டில்! காப்பிக்காரன் கை அந்தரத்தில் நின்றது. மூலையில் ஒரு கிழவர் "அஸ்தஃபிருல்லா" என்று தலையில் கைவைத்தார். மேலே நானே வாயைப் பொத்திக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

ஸுஹைர் திரும்பி அந்த வரிசைகளை வெகுநேரம் பார்த்தான். பனியில் அவனுக்கு யார் யார் உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்ததோ! பிறகு மெல்லச் சிரித்தான்.

"தொடர வேணாம், தம்பி. எனக்குப் போதும்."

"புரியலையே, உஸ்தாத்?"

"வாரம் தொடங்குற ஞாயித்துக்கிழமைலருந்து என் இடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோ. உன்மேல கோபமில்ல. நீயாவது வந்தியே."

"ஐயோ, ராஜினாமான்னா செயலியிலதானே போடணும்? வாயால சொன்னா செல்லாதே!"

"இங்க செல்லும்" என்றான் ஸுஹைர்.

கார் பனிக்குள் கரைந்தது. மூன்று நாளாக வாசலில் நின்று தெருவையே பார்த்திருந்தவன், உள்ளே போய் உட்கார்ந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி.