தொடைக் குழாயும் மின்கோவின் ரக்கியாவும்

என் கணவர் காமெனுக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தோரம் குழாய் போட்டபோது, கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்காக இழுத்தது. வலப்பக்கக் குழாயில் கிருமி ஏறியது, பிடுங்கினார்கள். இடப்பக்கம் ரத்தம் உறைந்து நரம்பே மூடிப்போனது. கடைசியில் தொடையில் ஒன்றைச் செருகிவிட்டு டாக்டர் வெலிச்கோவா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இதுவும் போனா வேற இடமில்லம்மா. குழாய் மேல போட்டிருக்கற கட்ட எங்க நர்ஸுங்க தவிர யாரும் தொடக் கூடாது."

அதன்பிறகு அந்தக் கட்டுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

காமெனின் அண்ணன் மின்கோ ஞாயிறுதோறும் வருவார். பிளம் பழத்தில் தானே வடித்த ரக்கியாச் சாராயமும் கூடவே வரும். பல்வலிக்கு அதைத்தான் வாயில் வைப்பார், காய்ச்சலுக்கு நெஞ்சில் தடவுவார், மூட்டுவலிக்குத் துணியில் நனைத்துக் கட்டுவார். எங்கள் ஊரில் அப்படிச் செய்யாத வீடு கிடையாது. அவர் கிளம்பிப் போனதும் காமென் மேல் சாராய வாடை வீசும்.

"கிட்னி போன மனுசனுக்குக் குடி கேக்குதா? வெக்கமா இல்ல?"

"ஒரு மொடக்குதான், ஸ்லாவ்கா. விடேன்."

திட்டித் தீர்ப்பேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்.

மார்ச்சில் உடம்பு தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தால் குழாயில் வெடிப்பு, சுற்றிலும் சீழ்.

"இத எதால தொடச்சீங்க?" என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற மின்கோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நான்தான். கட்டுக்குள்ள அரிக்குதுன்னான். வாராவாரம் பிரிச்சு ரக்கியா வச்சு தொடச்சேன். ரெண்டு தடவ வடிச்சது டாக்டர், எந்தக் கிருமியும் நிக்காது."

"சாராயம் பட்டா இந்தக் குழாய் இளகி வெடிச்சிடும். நீங்க பிரிச்சுப் பிரிச்சுத்தான் கிருமியே உள்ள போயிருக்கு."

அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், குடிக்காத குடிக்கு என்னிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார் என் புருஷன்.

புதுக் குழாய்க்காக எங்கெங்கோ குத்திப் பார்த்தார்கள். ஒரு நரம்பும் வழிவிடவில்லை. வசந்தம் முடிவதற்குள் காமென் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று மின்கோ அதே ரக்கியாவோடு வந்து நின்றார். செத்தவருக்கென்று முதலில் மண்ணில் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் நாங்கள் குடிப்போம். அவர் பாட்டிலைச் சாய்க்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு நீங்க ஊத்தினது போதும் மாமா. மிச்சத்த நீங்களே குடிங்க."

அவர் அழுதார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.