கருமலை வாயிற்காவலர்

அப்பாவின் கைபேசியை மிரேயா பீன்ஸ் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். நல்ல இடம்தான். படுக்கையை விட்டு எழ முடியாத மனுஷர் அடுப்படிக்கு வந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கப் போவதில்லை. அம்மா பீன்ஸ் ஊறவைக்க வருவாளே என்பது பிறகுதான் உறைத்தது. மறுபடி திறந்து, கைபேசியை எடுத்துத் துடைத்து, தன் மேலங்கிப் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

முந்தின நாள் 'கருமலைக் காவலர்கள்' தொடரின் கடைசிப் பகுதி வெளிவந்திருந்தது. ஒன்பது வருடம் ஓடிய தொடர். டிராகன், சூனியக்காரி, ஆளுக்கொரு கத்தி என்று போகும் கதையில் ஓட்மர் என்று ஒரு வாயிற்காவலர் உண்டு. முகம் யாரோ ஒரு ஐஸ்லாந்துக்காரருடையது. ஸ்பானிஷ் டப்பிங்கில் குரல் மட்டும், மெக்சிகோவிலிருந்து தென்கோடி சிலி வரை, மிரேயாவின் அப்பா எவோடியோ பர்ரகானுடையது. முகத்தை வைத்து அவரை யாருக்கும் தெரியாது. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பார், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "நாலு பன் குடும்மா" என்று வாயைத் திறந்தால் போதும், கடையே கல்லாய் நின்றுவிடும். பிறகு ஒவ்வொருவராகக் கெஞ்சுவார்கள். "அந்த வசனம் சார், ஒரே ஒரு தடவை."

"யார் அங்கே?"

அவ்வளவுதான் வசனம். கோட்டை வாசலில் இருட்டைப் பார்த்து ஓட்மர் போடும் சத்தம். எவோடியோ போட்டால் கண்ணாடி அலமாரி அதிரும். வீட்டிலும் அதே கூத்துதான். நடையில் மனைவி அம்பாரோவின் செருப்புச் சத்தம் கேட்டால் அறைக்குள்ளிருந்து "யார் அங்கே?" என்று உறுமுவார். அந்தத் தொடரில் ஒரு பகுதியைக்கூட உட்கார்ந்து பார்க்காத அம்பாரோ, "நான்தான்யா, வேற யாரு வருவா?" என்பாள். அவர் குரல் கட்டி, கரகரத்து, தேய்ந்து, காற்றும் சளியுமாக ஆன பிறகும் அவர் கேட்பதை விடவில்லை. அவளும் பதில் சொல்வதை விடவில்லை.

தொண்டையில் இருப்பது இன்னதென்று டாக்டர் சொன்னது போன குளிர்காலத்தில். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், உடனே எடுக்க வேண்டும் என்றார். கடைசி சீசன் பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்று எவோடியோ கிளம்பிவிட்டார். மிரேயா கத்தினாள், அழுதாள், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்து பார்த்தாள்.

"யாரோ ஒருத்தன் மூஞ்சிக்கு நீ எதுக்குப்பா உயிரைக் குடுக்கணும்? வேற ஆளைப் பேச வைக்கட்டும்."

"ஒம்பது வருஷம் கதவைக் காத்திருக்கேன். திறக்கிற அன்னிக்குப் பாத்து லீவு போடச் சொல்றியா?"

பேசி முடித்தார். ஒரு வரிக்கு ஒரு மடக்குத் தண்ணீர், இரண்டு வரிக்கு ஒரு இருமல் என்று பேசினார். டப்பிங் இயக்குநர் லீச்சா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாளாம். அதற்குப் பிறகு கத்தி வைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படிப் பேசியதுதான் நேற்று வெளிவந்தது. விடிந்ததிலிருந்து உலகமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. கதை முடிந்த விதமே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. ஓட்மர் கோட்டைக் கதவைத் தானே திறந்து வைத்துவிட்டுப் பனிக்குள் நடந்து போய் விழுந்து சாகிறார். 'ஒம்பது வருஷம் உக்காந்து பாத்ததுக்கு இதுதானா?' என்று ஒருவன் கெட்ட வார்த்தையோடு எழுதியிருந்தான். மிச்சக் கோபமெல்லாம் குரல் மேல்.

'யாருய்யா இந்தக் கிழட்டு ஆடு?'

'எங்க எவோடியோவைத் தூக்கிட்டு எவனையோ போட்டுட்டாங்க.'

'ஆளே இல்ல, மெஷின் குரல். காசு மிச்சம் புடிக்கிறானுங்க.'

கடைசியில் பேர்கள் ஓடும்போது அவர் பேரும் இருந்தது. யார் பார்த்தார்கள்? பேர்கள் மேலே ஏறத் தொடங்கியதுமே திரை அதைச் சுருக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவிவிடுகிறது. லீச்சா பொறுக்க மாட்டாமல், 'அது எவோடியோதான்' என்று எழுதிப் பார்த்தாள். ஆயிரம் பேர் சிரித்துவைத்தார்கள்.

"எங்க என் போன்?"

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. குரல் என்று வீட்டார்தான் சொல்ல முடியும்.

மிரேயா உள்ளே போய்த் தலையணையைச் சரி செய்தாள். "சார்ஜ்ல இருக்குப்பா."

"என்ன சொல்றாங்க?"

"யாரு?"

"ஊரு."

"எல்லாரும் அழுவுறாங்கப்பா. உன் கடைசி சீனுக்கு அழாத ஆளே இல்லியாம். மான்டெர்ரேல ஒரு பொண்ணு கண்ணு வீங்கி ஸ்கூலுக்கே போகலையாம்."

எவோடியோ அவளையே பார்த்தார். உதடு கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு.

"பொய் சொல்றப்ப நீ மூக்கால மூச்சு விடுறே," என்றார். மூன்று இடத்தில் நிறுத்தித்தான் அதைச் சொல்ல முடிந்தது. "மைக்ல எல்லாம் பதிஞ்சிரும். நீ இந்தத் தொழிலுக்கு லாயக்கில்ல."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மிரேயா போர்வையை அவர் முதுகுக்கு இழுத்துவிட்டாள். இன்னொரு பொய்யாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம்.

மதியத்துக்கு மேல் அம்பாரோ தண்ணீர் கொண்டுவந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார். வார்த்தை பாதிதான் வந்தது.

"நான்தான்யா," என்றாள் அம்பாரோ. "வேற யாரு வருவா? திரும்பு."

சின்னக் கோப்பையில் பாதித் தண்ணீர். நிறைய ஊற்றினால் புரையேறிவிடும் என்று பழகியிருந்தாள். குடிக்க வைத்துவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டாள். தக்காளி விலை ஏறியதையும் எதிர்வீட்டு நாய் ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்ததையும் சொல்லிக்கொண்டே வெகுநேரம் அமுக்கினாள். மிரேயா உள்ளே வந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். அம்மா இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்மதியம். துக்க மண்டபத்தில் வெள்ளைப் பூவும் காப்பியில் போட்ட இலவங்கப்பட்டையும் சேர்ந்து மணத்தன. பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. விடிய விடிய உட்கார்ந்திருந்த அம்பாரோ சுவரோர நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். சொந்தக்காரர்கள் பிரெட்டைக் காப்பியில் நனைத்தபடி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தொடரின் ரசிகர்கள் வந்தார்கள். பதினைந்து இருபது பேர். காவலர் அங்கி போட்டவர்கள், கையில் தகர விளக்கு ஏந்தியவர்கள். ஒரு குண்டுப் பையன் வாளோடு வந்து, வாசல்காரரிடம் திட்டு வாங்கி, அதைக் குடை வைக்கும் கூடையில் சொருகிவிட்டு வந்தான். இன்னும் இரண்டு பேர் ஒரு நீளத்துணியை விரித்துப் பிடித்தார்கள். 'எங்கள் குரலைத் திருப்பிக் கொடு.'

முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். லிஸ்பெத் என்று பேர் சொன்னாள். தொழிற்சாலைச் சீருடையோடே வந்திருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, நாங்க யாரும் அவரை நேர்ல பாத்ததே இல்ல. ஆனா எங்கப்பா விட்டுட்டுப் போனப்புறம் எங்க வீட்டுல கேட்ட ஒரே ஆம்பளக் குரல் அதுதான். கதவைத் தாப்பா போட்டுட்டு நானும் தம்பியும் அந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவோம்."

மிரேயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து வந்த ஆறுதல்களில் இது ஒன்றுதான் உள்ளே போனது.

"அவருக்கு நடந்த அநியாயத்தை விட மாட்டோம்க்கா," என்றாள் லிஸ்பெத். "முடிவை அவர் வாயால சொல்ல விடலியே. அந்தப் போலிக் குரலை நான் பாதியிலேயே நிறுத்திட்டேன். இப்ப என்னடான்னா, அது அவருதான்னு கம்பெனிக்காரங்க கூசாமப் புளுகுறாங்க. எங்களுக்கா தெரியாது? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அவர் குரலைச் சொல்லுவேன்."

மிரேயா கையை விட்டாள்.

"நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'அது எங்க அப்பா இல்ல'ன்னு. ஹெர்சோன் வீடியோ எடுப்பான். உலகமே நம்பும்."

குண்டுப் பையன் கைபேசியை ஏற்கெனவே உயர்த்திவிட்டான்.

அறைந்துவிடலாம் போல இருந்தது மிரேயாவுக்கு. அதுதான் அவர், அந்தக் கிழட்டு ஆடுதான் அவர், உங்களுக்காகத்தான் செத்தார் என்று இந்தப் பூவெல்லாம் உதிரக் கத்த வேண்டும். அடுத்த நொடியே இன்னொன்று தோன்றியது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அந்த இளைப்பும் இருமலும் யாரோ ஒருவனுடையதாகிவிடும். அப்பா இவர்கள் காதில் இடியாகவே இருப்பார். இந்தப் பெண்ணும் அவரையே போலி என்றதை நினைத்து நினைத்துச் சாக வேண்டாம். மூக்கால் மூச்சு விடாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"சொல்றேன்," என்றாள்.

"இருங்கக்கா, முதல்ல அந்தக் குரல் கேக்கட்டும். அப்புறம் நீங்க சொல்லுங்க, அப்பதான் எடுபடும்." லிஸ்பெத் தன் கைபேசியில் கடைசிக் காட்சியைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுக்க ஏற்றினாள்.

முதலில் காற்று. பிறகு பனியில் கால் புதையும் ஓசை. பிறகு மூச்சு, தொண்டையில் எதுவோ தடுத்துத் தடுத்து ஏறும் மூச்சு. சொந்தக்காரர்கள் பிரெட்டைக் கையில் பிடித்தபடி திரும்பினார்கள்.

"யார்... அங்கே?"

"நான்தான்யா. வேற யாரு வருவா?"

அம்பாரோ. கண் பாதிதான் திறந்திருந்தது. நாற்காலிக் கைகளை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். வலது கால் தரையைத் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. "இரு, வந்துட்டேன். பறக்காத."

துணியைப் பிடித்திருந்த இருவரில் ஒருவன் தன் முனையை விட்டுவிட்டான். ஹெர்சோன் கையைத் தாழ்த்தினான். லிஸ்பெத்தின் கைபேசியில் பேர்கள் ஏறத் தொடங்கின, சுருங்கி ஓரத்துக்குப் போயின, ஏதோ ஒரு சமையல் போட்டியின் கைதட்டல் ஆரம்பித்தது. அவளுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. விரல் எங்கெங்கோ பட்டது. ஹெர்சோன்தான் வாங்கி நிறுத்தினான்.

மிரேயா முட்டி போட்டு, நாற்காலிக்கு அடியில் போயிருந்த செருப்பை இழுத்து அம்மாவின் காலில் மாட்டினாள்.

"தண்ணியா கேட்டாரு?" என்றாள் அம்பாரோ.

"ஆமாம்மா. நீ உக்காரு."

"சின்னதுல குடு. பாதி ஊத்து. நிறைய ஊத்துனா புரையேறுது அவருக்கு." சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். பூக்களைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லிஸ்பெத் காப்பி மேசைக்குப் போனாள். கோப்பைகளைத் தள்ளித் தள்ளி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தாள். பாதி மட்டும் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் நடந்து வந்து, பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தாள்.