பெயிண்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக ஆரம்பித்ததல்ல. கட்டட வேலை நடக்கிற இடங்களில் வைத்துக் கேட்கும் முரட்டு ரேடியோக்களை விற்கிற ஒரு கம்பெனி, விளம்பரத் தாளுக்காக என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருந்தது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'உழைப்பாளிகள் ஒரு ரேடியோவில் எதை எதிர்பார்க்கிறார்கள்?' எனக்கு உழைப்பும் தெரியாது, ரேடியோவும் தெரியாது. ஆனால் அக்காவைக் கட்டிய அத்தான் எலக்ட்ரீஷியன், இருப்பதும் அடுத்த தெருவில்தான்.

போய்க் கேட்டேன். இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏணியிலிருந்து விழுந்தால் உடையக் கூடாது. விழுவதற்கு முன் பாடிய பாட்டை விழுந்த பிறகும் பாட வேண்டும். பொத்தான் வேண்டவே வேண்டாம், திருகுகிற குமிழ்தான் வேண்டும், சிமெண்ட் பூசிய விரலுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு தடவை திருகி வைத்தால் கரண்ட் போய் வந்தாலும் அதுவே மறுபடி பாட வேண்டும், அதற்காக ஒவ்வொரு தடவையும் யார் இறங்கி ஏறுவது? டிரில்லிங் மெஷினை மீறிக் கேட்க வேண்டும். ஆனால் கீழே ஒருவன் "கை, கை" என்று கத்தினால் அதை மறைத்துவிடக் கூடாது. (இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று கேட்டேன். அது கம்பெனிக்காரன் தலைவலி என்று சொல்லிவிட்டார்.)

பெயிண்ட் தெறித்தால் எப்படித் துடைப்பீர்கள் என்று கேட்டேன். "அத பெயிண்டர்கிட்டதான்" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரும் கூட வேலை பார்க்கிற பெயிண்டரும் இப்போது பேசிக்கொள்வதில்லை, அந்தப் பேச்சை எடுக்காதே என்று அக்கா சமையலறையிலிருந்தே எச்சரித்தாள். எடுக்காதே என்றால் எடுக்காமல் இருக்கிற ஆளா நான்? ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன்.

அடுத்த வாரம் அத்தானே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, நீ எழுதுறவன்தான? பெயிண்டர்கிட்ட போய் என்ன சொல்றதுன்னு எழுதிக் குடு. ஒரு வரி போதும்."

ஒரு வரி எழுத வேண்டுமென்றால் முழுக்கதையும் தெரிய வேண்டும் என்றேன். எழுத்தாளன் புத்தி. அவரும் நம்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார். நீங்கள் இப்போது வாசிப்பது அந்த ஒரு வரியைத் தேடி நான் எழுதிய மற்ற வரிகள்.

2

தொடக்கம், முதல் தடவை: அன்று காலை அந்த வேலைத்தளம் வழக்கத்துக்கு மாறாக —

(வழக்கத்துக்கு மாறாக என்று ஆரம்பிக்கிற எதையும் நானே வாசிப்பதில்லை. உங்களை ஏன் படுத்த வேண்டும்?)

தொடக்கம், இரண்டாம் தடவை: நான் ஒரு ரேடியோ. என் உடம்பு பச்சை, என் மனமோ —

(மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.)

தொடக்கம், மூன்றாம் தடவை: ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு பெயிண்டரும் எந்த வீட்டு வேலையென்றாலும் சேர்ந்தேதான் போவார்கள். இது போதும், இதில் பொய் இல்லை. ஒருவருக்கு வேலை வந்தால் "பெயிண்டுக்கு ஆள் இருக்கு" என்பார். மற்றவருக்கு வந்தால் "வயரிங்குக்கு ஆள் இருக்கு" என்பார். ரேடியோ அத்தானுடையது. ஆனால் ஸ்டேஷன் யாருடையது என்பது நாள்தோறும் முடிவாகிற விஷயம்.

பெயிண்டருக்குப் பழைய பாட்டு வேண்டும்.* அத்தானுக்கு டாக்டர் நிகழ்ச்சி. ஊரெல்லாம் போன் போட்டுத் தங்கள் வியாதியைச் சொல்லும், டாக்டர் பதில் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு அத்தானுக்கு வராத வியாதி பாக்கியில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் நாக்கை நீட்டிக் காட்டுவார்.

(* மெதுவான பாட்டு ஓடினால் ரோலரும் மெதுவாகப் போகும், சுவரில் கோடு விழாது என்பது பெயிண்டர் கட்சி. டாக்டர் நிகழ்ச்சியில் யாராவது அழுதால் கை நின்றுவிடும், நின்ற இடத்தில் திட்டு விழும். ஆகவே அத்தானின் ரசனையால் சுவர் கெடுகிறது. இப்படியொரு வாதத்திடம் நானாக இருந்தாலும் தோற்றுத்தான் போயிருப்பேன்.)

3

பெயிண்டர் விஷயத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். முதல் வரைவில் அவரைத் தங்கமான மனிதராக எழுதியிருந்தேன். யாரோடும் சண்டை போடாதவர், சொன்ன நேரத்துக்கு வருபவர். அத்தான் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது அவனே இல்ல. அவன் இவ்ளோ நல்லவன்லாம் கெடையாது."

பிறகு அவரே பெயிண்டரின் குற்றங்களை அடுக்க ஆரம்பித்தார். டெஸ்டரை வாங்கிப் பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவான். அளவு டேப்பை வாங்கினால் திரும்பி வராது. மழையில் கொடுத்த குடை போன மழைக்காலத்திலிருந்து அவன் வீட்டில்தான். ரேடியோ குமிழை ஈரக் கையோடு திருகித் திருகி, இதுவரை அடித்த எல்லா வீட்டு நிறமும் அதில் அப்பியிருக்கிறது. எனக்குக் கை வலித்தது, அவருக்குச் சொல்லி முடியவில்லை. சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் சேட்டையைச் சொல்கிறவர்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். புது வீடு. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் செங்கல் இல்லாமல், இரும்புச் சட்டம் நிறுத்தி இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடிக்கிற சுவர். நடுவில் வெறும் பொந்து. மெயின் லைனை மாற்றுவதற்காகக் கரண்டைத் துண்டித்தார்கள், ரேடியோ வாயை மூடியது. புது இணைப்பு தாமதமானதால் அத்தான் வேறு இடத்து வேலைக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் ஜிப்சம் போர்டுக்காரர் பலகை அடித்து முடித்தார். பெயிண்டர் பட்டி பார்த்து, தேய்த்து, கடைசிப் பூச்சுவரை முடித்தார். திரும்பி வந்த அத்தான் ரேடியோவைத் தேடினால் காணோம்.

நீ எடுத்துக்கொண்டு போனாய் என்று நினைத்தேன் என்றார் பெயிண்டர். நான் எடுக்கவில்லை என்றார் அத்தான். போர்டுக்காரர், டைல்ஸ் போடுகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்போது அத்தான் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"உன் கைக்குப் போன எந்தப் பொருள்டா திரும்பி வந்திருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டர் சிரிக்கவில்லை. ரோலரைக் கழுவினார், தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினார், வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அத்தான் போட்ட ஒரு போனையும் எடுக்கவில்லை.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார் அத்தான். அப்படி எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

4

இந்தப் பகுதியை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவே நம்பவில்லை. ஆகவே அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன்.

அந்தப் பேச்சு நடந்து சில நாள் கழித்துப் புது இணைப்பு வந்தது. பெயிண்டரைத் தவிர எல்லோர் முன்னாலும் அத்தான் மெயின் சுவிட்சைத் தூக்கினார். கூடத்தில் விளக்கு எரிந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு குரல், மிகுந்த அக்கறையோடு, "சொல்லுங்க, வலி எங்க இருக்கு?" என்று கேட்டது.

டைல்ஸ்காரர் ஒருவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். போர்டுக்காரர் சுவரில் காதை வைத்து, உள்ளே டாக்டர் இருக்கிறார் என்று அறிவித்தார். வேலையாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தான் மட்டும் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். ஏனென்றால் அது அவருடைய ஸ்டேஷன். பெயிண்டர் கடைசியாகத் தொட்டிருந்தால் பாட்டல்லவா வந்திருக்க வேண்டும்? தரையில் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு நாள், நனையாமல் இருக்கட்டும் என்று பலகை அடிக்காத சுவர்ச் சட்டத்துக்குள் தூக்கி வைத்து, தற்காலிகமாகத் தொங்கவிட்ட பாயிண்டில் செருகியது அத்தானேதான். பிறகு கரண்ட் போனது, அதோடு ஞாபகமும் போனது.

(உள்ளே பார்க்காமலா ஒருவன் சுவரை மூடுவான் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி, நானும் போர்டுக்காரரிடம் கேட்டேன். மூடுகிறவன் ஸ்க்ரூவைத்தான் பார்ப்பான் என்றார். அவர் கைவண்ணத்தில் இந்த ஊர்ச் சுவர்களுக்குள் மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டம், ஒரு சாப்பாட்டுப் பாத்திரம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாம் இருக்கிறதாம். உங்கள் வீட்டிலும் அப்படிச் சுவர் இருந்தால் தட்டிப் பாருங்கள்.)

சிக்கல் இங்கேதான். வீட்டுக்காரர் திங்கட்கிழமை சாவி வாங்க வருகிறார். அதற்குள் சுவரை அறுத்து ரேடியோவை எடுத்து, அடைத்து, அறுத்த இடம் தெரியாமல் பூச வேண்டும். அப்படிப் பூச ஒருவரால்தான் முடியும். வேறு பெயிண்டரைக் கூப்பிடலாமே என்று கேட்டதற்கு அத்தான் என்னை முறைத்தார். "அவன் அடிச்ச செவத்துல இன்னொருத்தன் கை வைக்கிறதா?" என்றார்.

இப்போது போய் நின்றால் சுவருக்காக வந்திருக்கிறான் என்றுதான் பெயிண்டர் நினைப்பார். ஆகவே சுவர் வராத ஒரு வாக்கியம் வேண்டும். அதைத்தான் என்னிடம் கேட்டார்.

5

எழுதியதும் அடித்ததும்:

நண்பா, நான் பெரும் பிழை இழைத்துவிட்டேன். (அத்தான்: இது யாரு, நாடகத்துல ராஜாவா?)

ரேடியோ கெடச்சிருச்சுடா. (அக்கா: இது தகவல். மன்னிப்பு எங்க?)

நான் சொன்னது தப்புதான், ஆனா நீயும் — (அக்கா பேனாவைப் பிடுங்கி அவளே அடித்தாள்.)

உன்னைச் சந்தேகப்பட்டது (இதற்குமேல் எனக்கே வரவில்லை.)

வாக்கியம் வராதபோது என்னைப் போன்றவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன். முடிவுகளை எழுத ஆரம்பித்தேன்.

ஒரு முடிவில், அத்தான் லைனைத் துண்டித்துவிட்டு ரேடியோவைச் சுவரிலேயே விட்டுவிடுகிறார். சுவருக்கு ஆள் தேவையில்லாமல் போகிறது, அதன் பிறகு கைவீசிக்கொண்டு பெயிண்டர் வீட்டுக்குப் போகிறார். அத்தானுக்கு இது பிடித்தது. அக்கா, சரி, புது ரேடியோ வாங்குங்கள், புதுச் சண்டையும் போடுங்கள் என்றாள்.

இன்னொரு முடிவில், பெயிண்டருக்கு ரேடியோ உள்ளே இருந்தது முதலிலேயே தெரியும். குடைக்காகவும் டேப்புக்காகவும் வாங்கிய திட்டுக்கெல்லாம் பதிலாக, வேண்டுமென்றே மேலே பூசிவிட்டு, கரண்ட் வரும் நாளுக்காகக் காத்திருந்தார். நல்ல திருப்பம் என்று எனக்கே பெருமை. அத்தான் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"அப்படி இருக்குமா தம்பி?"

அந்தக் குரலில் ஆசை இருந்தது. பெயிண்டர் தப்புப் பண்ணியிருந்தால் இவர் தப்பித்துவிடலாம். ஒரு மனிதனின் பேரில் இவர் போட்ட பழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் நானும் ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தேன், அதுவும் நடை நன்றாக இருக்கிறது என்று. பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

6

இதை எழுதும்போது அத்தான் என் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் வந்துவிடுகிறார். எழுதியதை வாசிப்பார். ரேடியோ வெறும் பச்சை இல்லை, கரும்பச்சை என்பார். 'தேய்த்து' என்ற இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து என்று திருத்தச் சொல்வார். நாளைக்கு முடிச்சிரலாம் இல்ல, என்று கேட்டுவிட்டுப் போவார். இன்று சனிக்கிழமை.

எனக்குப் புத்தி வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. இவர் வாக்கியத்துக்காக வரவில்லை. கதை முடியாதவரை பெயிண்டர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, அதற்காக வருகிறார். நானும் முடிவு மேல் முடிவாக எழுதி, இவர் ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"அத்தான், நான் முடிவு எழுதப் போறதில்ல. கெளம்புங்க."

"அங்க போயி என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியல அத்தான்."

நான் விளையாடவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கோபமாகப் பார்த்தார். காசு வாங்காமல் எழுதுகிறவனிடம் கேட்டது என் தப்பு என்று முணுமுணுத்தார். பிறகு எழுந்து, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, செருப்பை மாட்டினார். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஜன்னலில் இருந்து பார்த்தேன். தெருமுனையில் நின்றார். இடது பக்கம் திரும்பினால் அவர் வீடு. வலது பக்கம் திரும்பினார்.

7

உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பெயிண்டரை நான் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி எழுதியதெல்லாம் அத்தான் வாயால் கேட்டது. அவர் உயரமா குட்டையா, அந்தச் சிரிப்புக்குப் பிறகு வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன சொன்னார், சாப்பிட்டாரா, ஒன்றும் தெரியாது. தெரியாத ஒருவரைக் கடைசிக் காட்சியில் பேசவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்கிறவர் எல்லோர் முன்னாலும் உங்களைத் திருடன் என்று சொல்லாமல் சொன்னவர். அவர் முதலில் சுவரைப் பற்றித்தான் பேசுவார், எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் அதுதான் வாயில் வரும். அதைக் கேட்டதும் சாத்திவிடத் தோன்றும். தோன்றினால் தப்பே இல்லை. கொஞ்சம் பொறுத்தால் ரேடியோவைப் பற்றி உளறுவார். அதற்குப் பிறகு பேச்சு தீர்ந்துபோய்ச் சும்மா நிற்பார்.

அப்படி நிற்பதுதான் அவர் சொல்ல வந்த வாக்கியம். இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.