பீடத்துக்கு முன்னால் ஒரு முட்டுக்கட்டை

மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியத்திலிருந்தே கொத்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதா கோயிலுக்குள் நுழைவார், வளைவை அண்ணாந்து பார்ப்பார், வெளியே போவார், திரும்ப வருவார்.

அந்தக் கோயில் ஒரே மூச்சில் கட்டியதில்லை. முதலில் பீடமும் அதைச் சுற்றி ஒரு சின்ன அறையும்தான். சனம் பெருகியதும் யாரோ ஒரு பங்குச் சாமியார் முன்சுவரை இடித்து, நீளமான மண்டபத்தைக் கொண்டுவந்து ஒட்டவைத்தார். ஒட்டிய இடத்தில்தான் இந்தப் பெரிய வளைவு. பழைய பாதி பாறைமேல், புதிய பாதி களிமண்மேல். மாமியாரும் மருமகளும் மாதிரி ஒரே கூரைக்கடியில் இருந்தும் ஒட்டவில்லை. தலைமுறைக்கு ஒருதரம் வளைவு வாய் பிளக்கும். இந்தத் தடவை உச்சிக் கற்களைப் பிரித்துச் சுண்ணாம்பில் திரும்ப அடுக்கியவர் கொத்தனார்தான். அது இறுகும்வரை தாங்க, வளைவுக்கடியில் நட்டநடுவே ஒரு மர முட்டுக்கட்டை. அதன் காலடியில் இறுக்கிப் பிடிக்க மர ஆப்புகள். இன்று சாயங்காலம் ஆப்புகளை மெல்லத் தளர்த்திக் கட்டையை எடுத்துவிட்டால், நாளைக் காலை மகள் அந்த வழியே பீடத்துக்கு நடப்பாள்.

சாயங்காலம் சுத்தியலோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தரை ஈரத்தில் பளபளத்தது. மனைவி துடைப்பமும் கையுமாக நின்றாள்.

“தண்ணியா ஊத்தின?”

“பின்ன, புழுதியிலயா எம்பொண்ணு முட்டி போடுவா? கட்டைக்கு அடியிலகூட அழுக்க விடல. வாளி வாளியா ஊத்தித் தேச்சேன்.”

குனிந்து ஆப்பைத் தொட்டார். தண்ணீர் குடித்து உப்பி, அசையாமல் இறுகிக் கிடந்தது.

“இனி ஓங்கி அடிச்சாத்தான் வரும். அடிச்சா அந்த அதிர்ச்சியில மேல கல்லு நழுவிடும். தானாக் காயணும்.”

“அப்ப கல்யாணத்துல இது நடுவுல நிக்குமா? சம்பந்தி வீட்ல என்ன சொல்லுவாங்க?”

“மாப்பிள்ளையவிட உசரமா ஒருத்தன் நிக்கிறான்னு சொல்லுவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவரும்தான். சுத்தியலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மெதுவாக ஒரே ஒரு தட்டு தட்டினால் என்ன? தட்டினார். உச்சியிலிருந்து சுண்ணாம்புப் பொடி அவர் தோளில் உதிர்ந்தது.

சுத்தியலை மனைவியிடம் நீட்டினார். “இத எங்கண்ணுல படாம வை.”

மறுநாள் மணமக்கள் கைகோத்து வந்தார்கள். கட்டையருகே கையை விட்டு, ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிப்போய் மறுபடி கோத்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் சிரிப்பை அடக்க இருமினார். போகிற போக்கில் மகள் கட்டையைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். கொத்தனார் இருந்த இடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

மனைவி விலாவில் இடித்தாள். “பொண்ணப் பாருங்க.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன்,” என்றார், உச்சிக் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.