போறணை வேண்டாத விசுக்கோத்து

கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய கொக்கோப் பேணி றோசம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தபோது, அதில் பாதிதான் இருந்தது. கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் வழியில் சோதனைச் சாவடிகளில் நின்ற அத்தனை பேரும் அதைத் திறந்து, முகர்ந்து, விரலை விட்டு நக்கி, நாட்டுக்கு ஆபத்தில்லை என்று உறுதிப்படுத்தியிருந்தார்கள்.

பேணியோடு ஒரு கடிதம். அதில் ஒரு செய்முறை. சொக்கிலேற் ஓட்ஸ் விசுக்கோத்து. "கேக் சுடுற போறணை தேவையில்லை அக்கா, அடுப்பில ஒரு கொதி, அவ்வளவுதான். இஞ்சத்தைப் பிள்ளையள் உயிரை விட்டுச் சாப்பிடுதுகள்" என்று தங்கச்சி எழுதியிருந்தாள். சீனி, பால்மா, மாஜரின், கொக்கோ, வறுத்து அரைத்த கச்சான் கடலை எல்லாவற்றையும் றோசம்மா எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். ஓட்ஸுக்குத்தான் எங்கே போவது?

எங்கேயும் போகத் தேவையிருக்கவில்லை. ஓட்ஸ் மூட்டை அவளுடைய பொறுப்பிலேயே இருந்தது. கிராமத்தில் நிறை குறைந்த பத்தொன்பது பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி ஒரு நிறுவனம் அதை மாதர் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தது. மாதர் சங்கம் என்றால் அதன் தலைவி. தலைவி என்றால் றோசம்மா.

அந்த நிறுவனத்தின் போசாக்குத் திட்ட இணைப்பாளர் தில்லைநாதன் குருத்தோலைக் கிழமையில் வருகிறார் என்று தவக்காலத் தொடக்கத்திலேயே கோயிலில் பாதர் அறிவித்தார். கொழும்பில் படித்த மனிதருக்கு அவித்த மரவள்ளியையும் சம்பலையும் வைப்பதா? றோசம்மா அன்றே முடிவெடுத்தாள்.

தவக்காலத்தில் எல்லாச் சமையல்கட்டிலும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்பார்கள். அது ஏழைகளுக்காகக் கோயிலுக்குப் போகும் பிடியரிசி. றோசம்மாவும் கஞ்சிப் பானையில் ஓட்ஸைக் கொட்டுமுன் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து ஒரு பேணியில் போட்டாள். கை அசைவு அதேதான். திசைதான் மாறியிருந்தது. ஆறு கிழமை, பன்னிரண்டு பிடி. பானையில் குறைந்ததை ஒரு செம்புத் தண்ணீர் நிரவியது.

"ஓட்ஸ் எங்காலயப்பா?" என்று அவளுடைய புருசன் யாகப்பு கேட்டான். கிழிந்த கரைவலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"சங்கத்தின்ர."

"சங்கத்தின்ரயோ, பிள்ளையளின்ரயோ?"

"பிள்ளையளும் சங்கத்தின்ர பிள்ளையள்தானே."

யாகப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "அப்ப நானும் சங்கத்தின்ர ஆள்தானே. எனக்கும் ரெண்டு விசுக்கோத்து வையும்."

அந்தப் பத்தொன்பது பிள்ளைகளில் கலிஸ்ராவின் மகள் ஆன்சலாவும் ஒருத்தி. மூன்று வயது, ஒன்பது கிலோவும் கொஞ்சமும். தவக்காலம் முடிந்து வரும் பாஸ்குத் திருநாளுக்கு முன் பத்துக் கிலோவைத் தொடாவிட்டால் வவுனியா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்று மருத்துவிச்சியம்மா சொல்லியிருந்தார். வவுனியாவுக்குப் போவது என்றால் போர் நடக்கும் வன்னியை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுக்கவேண்டும். போனவர்கள் திரும்பி வரமுடியாமல் அங்கே முகாமில் மாதக்கணக்காகக் கிடந்தார்கள். கலிஸ்ராவுக்கு மடியில் ஐந்து மாதக் குழந்தை வேறு. ஒவ்வொரு கஞ்சி நாளும் அவள் ஆன்சலாவின் கோப்பையின் அடியைச் சுட்டுவிரலால் வழித்து ஊட்டுவதை, கரண்டியோடு நின்ற றோசம்மா பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

விசுக்கோத்துச் சுட்ட நாள், இல்லை, சுடாத நாள் வந்தது. கொதி வந்ததிலிருந்து சரியாக ஒரு நிமிடம் என்று கடிதம் கண்டிப்பாகச் சொன்னது. குறைந்தால் இறுகாது, கூடினால் கல். வீட்டு மணிக்கூடோ பற்றறி இல்லாமல் ஒன்றரை வருடமாகப் பத்தேகாலிலேயே நின்றது. பற்றறி போர்த் தடையால் வன்னிக்குள் வரக்கூடாத சாமான். றோசம்மா கலங்கவில்லை. மாதாவுக்குரிய அருள்நிறைந்த மந்திரத்தை மூன்று தரம் சொன்னால் ஒரு நிமிடம் என்று கணக்கிட்டாள். கோயிலில் செபமாலை முன்நின்று சொல்பவள் அவள். அவளுடைய மந்திரம் மணிக்கூட்டைவிட ஒழுங்கானது.

கலவை குமிழிவிட்டுக் கொதித்தது. முதல் மந்திரம் சரியாகப் போனது. இரண்டாவதில், "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. பாதியில் நின்ற மந்திரத்தைக் கணக்கில் எடுக்கலாமா? முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடம், அதே முட்டு. இருபது வருடமாகத் தடங்கலில்லாமல் சொல்லிவந்த வரி அன்றைக்கு மட்டும் யாரையோ குறிப்பாகச் சுட்டுவதுபோல் இருந்தது. நாலாம் முறை அதைத் தாண்டி மூன்று மந்திரத்தையும் முடித்து, ஓட்ஸையும் கச்சானையும் கொட்டிக் கிளறியபோது அகப்பை அசைய மறுத்தது.

எண்ணெய் பூசிய பழைய கலண்டர் தாளில் கரண்டி கரண்டியாக வைத்தாள். பத்து நிமிடத்தில் எல்லாம் இறுகின. ஒன்றைக் கடித்துப் பார்த்த யாகப்பு அதை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தான்.

"இஞ்ச பாரும், இதை வலைக்கு ஈயத்துக்குப் பதிலாக் கட்டலாம்."

"வெளிநாட்டில இப்பிடித்தான் சாப்பிடுறவை" என்றாள் றோசம்மா. குரலில் அதிகாரம் இருந்தது, நம்பிக்கை இருக்கவில்லை.

தில்லைநாதன் பிக்கப்பில் வந்து இறங்கி, மண்டபத்தில் கூடியிருந்த கிராமத்தவர்களிடம், ஒரு பிடி உணவேனும் வீணாகக்கூடாது என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். பசியில் அழுத இரண்டு பிள்ளைகளைத் தாய்மார் வெளியே கொண்டுபோனார்கள். பிறகு தட்டு வந்தது. அவர் முதல் விசுக்கோத்தைக் கடித்த சத்தம் கடைசி வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அவர் தாடையைத் தடவிக்கொண்டே, "அருமை, நல்ல மொறுமொறுப்பு" என்றார். பாதரும் ஒன்றை எடுத்தார். பெரியவர் புகழ்ந்த பண்டத்தைச் சின்னவர்கள் குறை சொல்லமுடியுமா? பாதர் இன்னும் இரண்டு எடுத்தார்.

"இதில என்ன போட்டிருக்கிறீங்கள் மிஸ்?"

"ஓட்ஸ்" என்றாள் றோசம்மா. வேறு சொல் வாயில் வரவில்லை.

தில்லைநாதன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "கஞ்சியை விசுக்கோத்தா மாத்தியிருக்கிறீங்கள். இதைத்தான் நாங்கள் புத்தாக்கம் எண்டு சொல்லுறது. பிள்ளையள் விரும்பிச் சாப்பிடினமோ?"

கதவடியில் கலிஸ்ரா நின்றாள். இடுப்பில் ஆன்சலா.

"ஓம்" என்றாள் றோசம்மா.

உடனே ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார் தில்லைநாதன். தட்டில் எஞ்சியதில் ஒன்று ஆன்சலாவின் கையில் வைக்கப்பட்டது. பிள்ளை அதை ஒருமுறை நக்கியது. பிறகு கடிக்கப் பார்த்தது, முடியவில்லை. தாயின் வாயருகே நீட்டியது. அந்த நேரம் பார்த்துக் கமெரா மின்னியது. பகிர்ந்துண்ணும் பண்பு, மிக நல்ல படம் என்று தில்லைநாதன் சொன்னார்.

அன்றிலிருந்து றோசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு பிடியைப் பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு என்ன பெரிதாக வந்துவிடும் என்று மனதைத் தேற்றினாள். ஆனால் எப்படிப் பங்கிட்டாலும் பன்னிரண்டு பிடியும் ஆன்சலாவின் கோப்பையிலிருந்தே போயின.

பெரிய புதன்கிழமை பாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"பிள்ளையளின்ர சாப்பாட்டை எடுத்து விசுக்கோத்துச் செய்தனான், பாதர்."

மரச்சட்டத்தின் மறுபக்கம் பாதர் காதை அருகே கொண்டுவந்தார்.

"அண்டைக்கு வைச்சதோ?"

"ஓம். நீங்களும் நாலு சாப்பிட்டனீங்கள்."

"மூண்டு" என்றார் பாதர். பிறகு தொண்டையைச் செருமினார். "நல்ல நோக்கத்தோட செய்தது. கிராமத்தின்ர மானம் எண்டும் ஒண்டு இருக்கெல்லே. பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லும். வெளியில கதைச்சு ஆக்களைக் குழப்பத் தேவையில்லை."

இவ்வளவு மலிவாக ஒரு பாவத்தை அவள் ஒருநாளும் தீர்த்ததில்லை. பத்தையும் சொல்லி முடித்தாள். மனப்பாரம் இறங்கவில்லை.

பெரிய சனிக்கிழமை காலை நிறை பார்க்கும் நாள். தொங்கு தராசின் முள்ளைப் பார்க்கக் கிராமத்தில் றோசம்மாவுக்குத்தான் தெரியும். மருத்துவிச்சியம்மாவிடம் ஒன்றரை மணித்தியாலம் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். ஆன்சலாவைத் துணிக்குள் இருத்தித் தொங்கவிட்டாள். முள் ஆடி ஆடி நின்றது. ஒன்பது கிலோ நானூறு.

பத்து என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? கலிஸ்ரா வவுனியாவுக்குப் போகவேண்டியதில்லை. தலைவிக்கும் நல்ல பெயர். பிள்ளை மட்டும் ஒன்பது நானூறாகவே இருக்கும்.

"ஒன்பது நானூறு" என்றாள்.

கலிஸ்ரா தலையை ஆட்டினாள். பிள்ளையை இறக்கிச் சட்டையைப் போட்டுவிட்டாள்.

"கலிஸ்ரா." வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் றோசம்மா சொன்னாள். "அந்த விசுக்கோத்தில போட்டது இந்தப் பிள்ளையளின்ர ஓட்ஸ். ஒவ்வொரு கஞ்சிக்கும் ஒரு பிடி எடுத்தனான்."

"தெரியும் அக்கா."

"எப்பிடி?"

"தவக்காலம் துடங்கினதில இருந்து கஞ்சி கரண்டியில நிக்கேல்லயே. எல்லாருக்கும் தெரியும்."

பின்னால் நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளின் தலைமயிரில் அவசரமாக எதையோ தேடினார்கள்.

"அப்ப ஏன் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்ல?"

கலிஸ்ராவுக்கு அது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. "கேட்டு, நீங்கள் கோவிச்சுக்கொண்டு அடுப்பு மூட்டாமல் விட்டா? அந்தத் தண்ணியும் இல்லாமப் போயிடுமெல்லோ."

றோசம்மா கதிரையில் இருந்தாள். ஒருத்தியாவது ஏசியிருந்தால் நல்லது என்று பட்டது.

"பாஸுக்குச் சங்கத்தின்ர கடிதம் ஒண்டு வேணுமாம்" என்றாள் கலிஸ்ரா. "இப்பவே எழுதித் தாங்கோ அக்கா. திங்கள் போய் வரிசையில நிக்கவேணும்."

றோசம்மா தாளை எடுத்தாள். பெயர், வயது, நிறை எல்லாம் எழுதினாள். பயணத்தின் காரணம் என்ற இடத்துக்கு வந்து பேனை நின்றது. பிறகு, 'இப்பிள்ளைக்கு உரிய உணவைச் சங்கத் தலைவியாகிய நான்' என்று தொடங்கினாள்.

கலிஸ்ரா எதிரே நின்று தலைகீழாகவே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அதைக் கிழிச்சுப்போட்டு, போசாக்குக் குறைவு எண்டு எழுதுங்கோ அக்கா. இதை எழுதினா ஆயிரம் கேள்வி கேப்பினம். பாஸ் தரமாட்டினம்."

றோசம்மா அதைக் கிழித்தாள். வேறு தாள் எடுத்தாள். கலிஸ்ரா பார்த்துக்கொண்டு நிற்க, போசாக்குக் குறைவு என்று எழுதினாள்.